பார்படோஸ் ஏன் கையெழுத்திடவில்லை? பெட்ரோகரீபே எண்ணெய் ஒப்பந்தம் குறித்த விவாத இழை

3 ஜூலை 2005 (இழையைத் தொடங்கிய வாசகரின் கேள்வி)

வெனிசுவேலா தன் அண்டைத் தீவுகளுக்குப் பாதி விலையில் எண்ணெய் கொடுக்க முன்வந்திருக்கிறது. கடந்த ஜூன் 29 அன்று புவேர்ட்டோ லா குரூஸ் நகரில் பெட்ரோகரீபே என்ற பெயரில் பல நாடுகள் கையெழுத்திட்டுவிட்டன. டிரினிடாட்டுக்குச் சொந்த எண்ணெய் இருக்கிறது, அது விலகி நிற்பது புரிகிறது. மூன்று லட்சம் பேர்கூட இல்லாத பார்படோஸும் விலகி நிற்கிறதே, இது வறட்டுப் பிடிவாதம் அல்லவா?

5 ஜூலை 2005

பாதி விலை என்பதே தவறு. விவாதத்தை அங்கிருந்து தொடங்கினால் கடைசி வரை தவறான இடத்திலேயே நிற்போம்.

பெட்ரோகரீபேயில் எண்ணெயின் விலை உலகச் சந்தை விலைதான். ஒரு காசுகூடக் குறைவில்லை. அந்த விலையில் ஒரு பகுதியை மூன்று மாதங்களுக்குள் செலுத்த வேண்டும், எஞ்சிய பகுதி நீண்ட காலக் கடனாக எழுதப்படும். கடனாகும் பங்கு எண்ணெய் விலையோடு சேர்ந்து ஏறுகிறது. பீப்பாய் 30 டாலரானால் 25 சதவீதம், 40 டாலரானால் 30 சதவீதம், 50 டாலரைத் தாண்டினால் 40 சதவீதம், 100 டாலரைத் தொட்டால் 50 சதவீதம். இப்போது விலை 60 டாலரை ஒட்டி நிற்பதால் 40 சதவீதம் கடனாகும். அதற்கு வட்டி ஆண்டுக்கு 2 சதவீதம்.

நாளொன்றுக்கு 1,000 பீப்பாய் வாங்கும் ஒரு சிறு தீவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 3,65,000 பீப்பாய், 60 டாலர் வீதம் 2 கோடியே 19 லட்சம் டாலர். அதில் 87 லட்சத்து 60 ஆயிரம் டாலர் அந்த ஆண்டு கட்ட வேண்டியதில்லை. விலை மாறாமல் பத்தாண்டு ஓடினால், இடையில் கட்டிய தவணைகளைக் கழித்த பிறகும், ஏழு கோடி டாலருக்கு மேல் கடன் நிற்கும். டொமினிக்காவில் ஏறத்தாழ 70,000 பேர் வாழ்கிறார்கள். அந்த அளவுள்ள தீவில் தலைக்கு ஆயிரம் டாலருக்கு மேல் வரும் கடன் அது.

இதை நான் ஏட்டிலிருந்து மட்டும் சொல்லவில்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஆறு ஆண்டுகள் கரீபியக் கடலில் ஓடிய எண்ணெய்க் கப்பல்களில் பொறியாளராக இருந்தேன். அதற்கும் முன்பே, தூத்துக்குடியில் என் தந்தை நடத்திய பலசரக்குக் கடையில் பற்று நோட்டைப் பார்த்து வளர்ந்தவன். உப்பளத்து மக்கள் மழைக்காலத்தில் வேலையில்லாமல் இருக்கும்போது அரிசியும் பருப்பும் பற்றில் போகும். விலை எல்லோருக்கும் ஒன்றே. பற்றில் வாங்கியவருக்குக் கிடைத்தது அவகாசம் மட்டுமே. அந்த அவகாசத்தில் கையில் மிஞ்சிய பணத்தை ஒதுக்கி வைத்தவர்கள் மாசியில் கணக்கை நேர் செய்தார்கள். ஒதுக்காதவர்களின் பக்கம் அடுத்த மழைக்கும் நீண்டது. பெட்ரோகரீபேயை முதன்முதலில் படித்தபோது அந்த நோட்டுத்தான் என் கண்முன் வந்தது.

6 ஜூலை 2005

‘அப்படியானால் பெட்ரோல் பங்கில் விலை குறையாதா?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒப்பந்தத்தால் தானாகக் குறையாது. வாகன ஓட்டி முழு விலையையும் கொடுப்பார், மின் கட்டணமும் முழுமையாக வசூலாகும். வசூலான பணத்தில் வெனிசுவேலாவுக்கு இப்போது போகாத பங்கு அரசின் கையில் தங்கும். எனவே இது எண்ணெய் மலிவாகும் திட்டமன்று, நிதியமைச்சரின் கைக்குப் பணம் வரும் திட்டம். அவர் விரும்பினால் அந்தப் பணத்தைக் கொண்டு விலையைக் குறைக்கலாம். அப்படிச் செய்தால் கடன் மட்டும் மிஞ்சும், அதைத் திருப்பிக் கட்ட எதுவும் மிஞ்சாது.

9 ஜூலை 2005 (திருத்தம்)

5ஆம் தேதிக் குறிப்பில் வட்டியைத் தவறாக எழுதிவிட்டேன். பீப்பாய் 40 டாலருக்குக் கீழே இருக்கும்போதுதான் 2 சதவீத வட்டியும் 17 ஆண்டுத் தவணையும். 40 டாலரைத் தாண்டினால் தவணைக்காலம் 25 ஆண்டுகளாக நீள்கிறது, அவற்றில் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அசல் கட்ட வேண்டியதில்லை, வட்டியும் 1 சதவீதமாக இறங்குகிறது. இன்றைய விலையில் பொருந்துவது இந்த இரண்டாவது விதிதான். இது சிறிய வேறுபாடன்று. இந்தத் தீவுகள் வெளிச்சந்தையில் கடன் வாங்கும் வட்டியோடு ஒப்பிட்டால் 1 சதவீதம் என்பது பெரிய சலுகை. என் முதல் குறிப்பின் தொனி இதனால் ஓரளவு மாற வேண்டியிருக்கிறது. எப்படி மாற வேண்டும் என்பதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

18 ஜூலை 2005

கேள்வி பார்படோஸைப் பற்றியது என்பதால் அதன் நிலைமையைப் பார்ப்போம்.

அத்தீவின் செயிண்ட் ஃபிலிப் வட்டாரத்தில், உட்போர்ன் என்ற இடத்தில், சிறிதளவு கச்சா எண்ணெய் கிடைக்கிறது. அதைச் சுத்திகரிக்கத் தீவிலிருந்த ஆலை 1998இல் மூடப்பட்டது. அதன் பிறகு அந்தக் கச்சா எண்ணெய் கப்பலேறி டிரினிடாட்டின் பாயின்ட்-அ-பியேர் ஆலைக்குப் போய், எரிபொருளாகத் திரும்பி வருகிறது. எஞ்சிய தேவைக்கும் டிரினிடாட்டுதான் அடுத்த வீடு. அந்த ஆலை பக்கத்தில் இருக்கிறது, கப்பல் கூலி குறைவு, இரு நாடுகளும் கரீபியச் சமூகத்தின் உறுப்பினர்கள். நிலைத்து நிற்கும் அயலாரை விட்டுவிட்டு, ஒரு தலைவரின் அரசியலோடு பிணைந்த ஏற்பாட்டில் சேர பிரதமர் ஓவன் ஆர்தரின் அரசு தயங்குவதில் எனக்கு நியாயம் தெரிகிறது.

டிரினிடாட்டின் பிரதமர் பேட்ரிக் மேனிங் இந்த ஒப்பந்தத்தை எதிர்ப்பதற்கான காரணம் இன்னும் வெளிப்படையானது. பாயின்ட்-அ-பியேர் ஆலையின் இயல்பான சந்தையே இந்தத் தீவுகள்தாம். பெட்ரோகரீபேயில் வெனிசுவேலாவின் அரசு நிறுவனம் தீவின் அரசு நிறுவனத்துக்கு நேரடியாக விற்கிறது, இடைத்தரகருக்கு இடமில்லை. தீவுகள் அந்தப் பக்கம் சாய்ந்தால் டிரினிடாட் தன் வாடிக்கையாளர்களை இழக்கும்.

23 ஜூலை 2005

கப்பலில் இருந்தவன் என்பதால் ஒரு செய்தியை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். விலையைப் பற்றி எழுதுகிறவர்கள் தொட்டிகளைப் பற்றி எழுதுவதில்லை.

கிரெனடாவில் கிராண்ட் மால் என்ற விரிகுடா இருக்கிறது. அங்கே எண்ணெய்க் கப்பல் துறைமுகச் சுவரோடு ஒட்டி நிற்பதில்லை. கரையிலிருந்து சற்றுத் தள்ளி, மிதவைகளில் கயிறு கட்டி நிற்கும். கடலடியில் கிடக்கும் குழாயின் முனையைச் சங்கிலியால் மேலே இழுத்துக் கப்பலின் குழாயோடு பொருத்திய பிறகே இறைப்பு தொடங்கும். அலை எழுந்தால் குழாயைக் கழற்றிவிட்டு விலக வேண்டும். கிழக்குக் கரீபியத்தில் பல இடங்களில் இதே முறைதான். அதனால் அங்கே பெரிய கப்பல் பயன்படாது. சிறிய கப்பலில் டீசலும் பெட்ரோலும் உலை எண்ணெயும் தனித்தனி அறைகளில் ஏற்றிக்கொண்டு, தீவுக்குத் தீவு கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே போவோம். ஒரு பீப்பாய்க்கு விழும் கப்பல் கூலி இதனால்தான் அந்தத் தீவுகளில் அதிகம்.

ஒரு முறை ஒரு தீவின் முன்னால் இரண்டு நாட்கள் நங்கூரமிட்டுக் காத்திருந்தோம். கரையிலிருந்த டீசல் தொட்டியில் இடமில்லை. மின் நிலையம் எரித்துத் தீர்க்கத் தீர்க்கத்தான் எங்களிடமிருந்து வாங்க முடிந்தது. அந்த இரண்டு நாள் காத்திருப்புக் கூலி கடைசியில் யாருடைய மின் கட்டணத்தில் ஏறியிருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். பெட்ரோகரீபேயின் வாசகத்தில் என்னை உண்மையாகவே ஈர்த்த பகுதி கடன் அட்டவணை அன்று. கப்பல் கூலியை அடக்க விலைக்கே வழங்குவதும், தீவுகளில் சேமிப்புத் தொட்டிகள் கட்ட உதவுவதும் அதில் சொல்லப்பட்டிருக்கின்றன. கடனாக வரும் பணத்தின் ஒரு பங்கு தொட்டிகளாக மாறினால், வெனிசுவேலா நாளை கையை விரித்தாலும் தொட்டிகள் தீவிலேயே இருக்கும்.

11 செப்டம்பர் 2005

ஆகஸ்ட் மாதம் மாண்டிகோ பேயில் ஜமைக்கா தன் தனி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது; நாளொன்றுக்கு 21,000 பீப்பாய். அடுத்த சில நாட்களிலேயே கத்ரீனா சூறாவளி மெக்சிகோ வளைகுடாவின் எண்ணெய் மேடைகளை முடக்க, விலை 70 டாலரைத் தொட்டது. ஜமைக்காவில் மின்சாரமும் அலுமினா ஆலைகளும் எண்ணெயில்தான் ஓடுகின்றன. பிரதமர் பேட்டர்சன் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இந்த வாரம் பலமுறை என்னையே கேட்டுக்கொண்டேன்.

28 மே 2006

ஹைத்தியில் ரெனே பிரேவால் அதிபராகப் பதவியேற்ற மே 14 அன்றே அந்நாடும் பெட்ரோகரீபேயில் சேர்ந்தது. அங்கே மின்சாரம் சில மணி நேரமே வருகிறது. 1 சதவீத வட்டிக்கு 25 ஆண்டுக் கடன் ஹைத்திக்கு வேறு எங்கும் கிடைத்திருக்காது. ‘நீங்கள் கொள்கையளவில் எதிர்ப்பவரா?’ என்று கேட்டவருக்கு இதுதான் பதில்: ஹைத்தியை யாராலும் குறை சொல்ல முடியாது.

ஜமைக்காவைப் பற்றிய நல்ல செய்தி ஒன்றும் உண்டு. கடனாக நிற்கும் பணத்தைப் பொதுச் செலவில் கலக்காமல், தனி நிதியமாகச் சட்டப்படி வைக்க முடிவு செய்திருக்கிறார்கள். அந்த நிதியம் அரசு நிறுவனங்களுக்குக் கடன் கொடுத்து, வட்டியோடு திரும்பப் பெறும். மாசிக்காக ஒதுக்கி வைத்தவர்களை எனக்கு இது நினைவூட்டுகிறது. மற்ற தீவுகளும் இதைச் செய்ய வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

20 ஜூலை 2008

இந்த மாதம் விலை 147 டாலரைத் தொட்டது. வெனிசுவேலாவின் மரகைபோ நகரில் கூடிய பெட்ரோகரீபே மாநாட்டில் விதிகள் மாற்றப்பட்டுவிட்டன. 100 டாலருக்கு மேல் போனால் 60 சதவீதம் கடனாகும், 40 சதவீதத்தை மட்டும் 90 நாட்களுக்குள் கட்ட வேண்டும்.

இந்த நிலையில் 2005இல் நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். ‘ஒரு காசுகூடக் குறைவில்லை’ என்ற வாக்கியம் எழுத்தளவில் சரி, ஆனால் பொருளளவில் என் மனத்தை உறுத்துகிறது. இன்று கட்ட வேண்டிய ஒரு டாலரும் இருபத்தைந்து ஆண்டுகளில் சிறுகச் சிறுகக் கட்டும் ஒரு டாலரும் சமமல்ல. எனவே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வெளிச்சந்தையில் ஒரு தீவு 7 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டு விட்டு, அதன்பின் 23 சம தவணைகளில் அசலும், நிலுவைக்கு 1 சதவீத வட்டியும் கட்டினால், அந்தத் தொகைகளை எல்லாம் 7 சதவீத வட்டியில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும்போது, ஒரு டாலர் கடனுக்கு ஏறத்தாழ 51 சென்ட்தான் வருகிறது. அதாவது கடனின் பாதி உண்மையில் நன்கொடை.

ஆகவே 40 சதவீதம் கடனாகும்போது மொத்த விலையில் ஏறத்தாழ 20 சதவீதமும், 60 சதவீதம் கடனாகும்போது ஏறத்தாழ 29 சதவீதமும் குறைவதாகவே கொள்ள வேண்டும். பாதி விலை என்று இழையைத் தொடங்கியவர் மிகைப்படுத்தினார், சலுகையே இல்லை என்ற பொருள் தொனிக்க எழுதிய நான் அதைவிட அதிகம் தவறினேன்.

இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. கட்டாமல் மிஞ்சிய பணம் 7 சதவீதமாவது ஈட்டும் இடத்தில் இருந்தால்தான் இந்த 51 சென்ட் உண்மையாகும். அன்றன்றே செலவழித்தால் ஒரு டாலருக்கு ஒரு டாலர் கட்ட வேண்டிய சாதாரணக் கடன்தான்.

22 ஜூலை 2008

பார்படோஸுக்கு இந்தக் கணக்கைப் பொருத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். அங்கே நாணயம் 1975 முதல் அமெரிக்க டாலருக்கு இரண்டு என்ற விகிதத்தில் கட்டி நிறுத்தப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டு நிற்பதற்கு மத்திய வங்கியின் கையில் எப்போதும் டாலர் இருந்தாக வேண்டும். சுற்றுலாவில் வரும் டாலரை எண்ணெய் தின்கிறது. பெட்ரோகரீபே எண்ணெய் வாங்கினால், ஒவ்வொரு சரக்குக்கும் வெளியேறும் டாலரில் பாதிக்குமேல் இன்றைய விலையில் தீவிலேயே தங்கும். 2005இல் இதை நான் கருத்தில் கொள்ளவே இல்லை. ஜனவரித் தேர்தலில் ஆர்தர் தோற்று டேவிட் தாம்சன் பிரதமராகியிருக்கிறார். புதிய அரசு இதை மீண்டும் எடை போட வேண்டும் என்றே இப்போது நினைக்கிறேன்.

6 மார்ச் 2013

வெனிசுவேலாவின் அதிபர் சாவேஸ் நேற்று இறந்தார். இனி என்ன ஆகும் என்று பலர் கேட்கிறார்கள். விலை 100 டாலருக்கு மேல் இருக்கும் வரை பெரிய மாற்றம் வராது என்று கருதுகிறேன். விலை விழுந்தால் கொடுப்பவருக்கே தாங்காது.

8 பிப்ரவரி 2015

விலை விழுந்துவிட்டது. கடந்த ஜூனில் 100 டாலருக்கு மேல் இருந்த பீப்பாய் இப்போது ஏறத்தாழ 50 டாலர். வெனிசுவேலாவுக்கு உடனடியாகப் பணம் வேண்டும். டொமினிக்கன் குடியரசு தான் கொடுக்க வேண்டிய ஏறத்தாழ 400 கோடி டாலர் கடனை 193 கோடி டாலர் ரொக்கமாகக் கொடுத்து முடித்துவிட்டது.

இந்தச் செய்தியைப் படித்தபோது என் தந்தையின் கடைசி ஆண்டுகள் நினைவுக்கு வந்தன. 1988இல் அக்காவின் திருமணத்துக்குப் பணம் புரட்ட முடியாமல் கடையை மூடினார். பற்று நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், ‘பாதி கொடுத்தால் போதும், கணக்கை அடித்துவிடுகிறேன்’ என்று கேட்டார். அவரோடு நானும் நடந்தேன். கையில் ரொக்கம் வைத்திருந்தவர்கள் பாதி கொடுத்து முழுக் கடனிலிருந்து விடுபட்டார்கள். இல்லாதவர்களின் பக்கங்கள் அப்படியே நின்றன. அவர்களிடம் அவர் பிறகு கேட்கவும் இல்லை. கடன் கொடுத்தவரே கை நீட்டும் நாள் வரும் என்பதை நான் 2005இல் எழுதியிருக்க வேண்டும். கண்ணால் கண்டிருந்தும் அது தோன்றாமல் போனது.

2 ஆகஸ்ட் 2015

ஜமைக்காவும் அதே வழியில் போயிருக்கிறது. ஏறத்தாழ 300 கோடி டாலர் கடனுக்கு 150 கோடி டாலர். அந்தப் பணத்தைத் திரட்டச் சந்தையில் 200 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் விற்றது. 2028இல் முடியும் பத்திரத்துக்கு 6.75 சதவீத வட்டி, 2045இல் முடிவதற்கு 7.875 சதவீதம். நாட்டின் மொத்தக் கடன் ஒரே நாளில் தேசிய வருமானத்தில் ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்தது.

‘1 சதவீத வட்டிக் கடனை அடைக்க 7 சதவீத வட்டிக்குக் கடன் வாங்குவது அறிவீனம்’ என்று எழுதியிருக்கும் நண்பர் மேலே 2008 ஜூலைக் குறிப்பைப் பார்க்க வேண்டும். 7 சதவீத வட்டியில் அந்தக் கடனின் மதிப்பு டாலருக்கு 51 சென்ட் என்று அன்று கணக்கிட்டேன். அது புதிதாக எழுதிய கடனுக்கு. சில ஆண்டுகள் தவணை ஓடிய பழைய கடனுக்கு மதிப்பு 60 சென்ட் வரை ஏறும். ஜமைக்கா 50 சென்ட் கொடுத்து முடித்திருக்கிறது. கொள்ளை லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை, சற்றே லாபம். அதைவிடப் பெரிய பயன், 25 ஆண்டுகளுக்கு ஒரே அயல்நாட்டின் நிலுவைப் பட்டியலில் இருக்க வேண்டிய நிலை நீங்கியது. ஜமைக்காவின் பெட்ரோஜாம் சுத்திகரிப்பு ஆலையில் வெனிசுவேலாவின் 49 சதவீதப் பங்கு மட்டும் இன்னும் நிற்கிறது.

கயானாவுக்கு வேறு விதமான பாடம். அது எண்ணெய்க் கடனை அரிசியாகக் கொடுத்து வந்தது, உழவர்களுக்கும் சந்தையைவிட நல்ல விலை கிடைத்தது. இந்த ஆண்டு எஸ்ஸெகிபோ பகுதி குறித்து இரு நாடுகளுக்கும் இடையிலான எல்லைத் தகராறு மீண்டும் மூண்டதும் அந்த அரிசிக் கொள்முதலைத் தொடரப்போவதில்லை என்று வெனிசுவேலா அறிவித்துவிட்டது. அந்தச் சந்தையை நம்பிக் கூடுதலாக நட்டவர்களின் நிலையை எண்ணினால் வருத்தமாக இருக்கிறது.

16 செப்டம்பர் 2018

இரண்டு செய்திகள், இரண்டும் என்னை நிலைகுலைய வைத்தன.

முதலாவது, பார்படோஸ். மே மாதத் தேர்தலில் 30 இடங்களையும் வென்று பிரதமரான மியா மோட்லி, ஜூன் தொடக்கத்தில் வெளிநாட்டுக் கடன் பத்திரங்களுக்குப் பணம் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தார். அரசின் கடன் தேசிய வருமானத்தில் 150 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. கையிலிருந்த டாலர் இரண்டு மாத இறக்குமதிக்குக்கூடப் போதவில்லை. எண்ணெய்க் கடன் வேண்டாம் என்று விலகி நின்ற தீவு, வேறு கடன்களை ஏற்றிக்கொண்டு, அதே பள்ளத்தில் விழுந்திருக்கிறது. கையெழுத்திட்ட ஜமைக்காவின் கடன் இறங்கிக்கொண்டிருக்கிறது. 2005இல் பார்படோஸின் தயக்கத்தை விவேகம் என்று மதித்த நான், அந்த விவேகம் மற்றக் கடன்களிடமும் இருந்ததா என்று கேட்கவில்லை.

அதோடு, 18 ஜூலை 2005 குறிப்பில் ‘நிலைத்து நிற்கும் அயலார்’ என்று எழுதினேனே, அந்த டிரினிடாட் தன் பாயின்ட்-அ-பியேர் ஆலையை மூடப்போவதாகச் சென்ற மாதம் அறிவித்துவிட்டது. அந்த வரியை அழிக்காமல் விடுகிறேன். பின்னால் படிப்பவர்களுக்கு அது தெரிய வேண்டும்.

இரண்டாவது, ஹைத்தி. ஜூலையில் அரசு பெட்ரோல், டீசல் விலைகளை ஏற்றி, மண்ணெண்ணெய் விலையை ஒரேயடியாக 51 சதவீதம் ஏற்றியபோது தலைநகரம் எரிந்தது. மண்ணெண்ணெய்தான் அங்கே ஏழை வீட்டின் விளக்கு. ஆகஸ்டில் இளைஞர்கள் ‘பெட்ரோகரீபே பணம் எங்கே?’ என்று அட்டையில் எழுதிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். ஏறத்தாழ 200 கோடி டாலர். எத்தனை மருத்துவமனைகள், எத்தனை சாலைகள். 2006இல் ‘ஹைத்தியை யாராலும் குறை சொல்ல முடியாது’ என்று எழுதினேன். அந்த மக்களைக் குறை சொல்ல முடியாது என்பதில் இன்றும் மாற்றமில்லை. அவர்கள் பெயரில் எழுதப்பட்ட கடனைச் செலவழித்தவர்களைத் தனியாகப் பிரித்துச் சொல்லாதது என் தவறு.

9 ஜூன் 2019

ஹைத்தியின் தணிக்கை நீதிமன்றம் பெட்ரோகரீபே பணம் பற்றிய இரண்டாவது அறிக்கையை மே 31 அன்று வெளியிட்டது. ஒரே சாலைச் சீரமைப்புப் பணிக்கு இரண்டு நிறுவனங்களுக்குத் தனித்தனியே பணம் கொடுக்கப்பட்டிருப்பதை அது காட்டுகிறது. பற்று நோட்டில் இரட்டைப் பதிவு விழுந்தால் என் தந்தை இரவு முழுவதும் உட்கார்ந்து திருத்துவார். ஒரு நாட்டின் நோட்டில் அதைத் திருத்த ஆளில்லாமல் போயிருக்கிறது.

ஜனவரியில் அமெரிக்கா வெனிசுவேலாவின் எண்ணெய் நிறுவனத்தின் மீது தடை விதித்த பிறகு பெட்ரோகரீபே நடைமுறையில் நின்றேபோய்விட்டது. ஜமைக்கா பெட்ரோஜாமின் 49 சதவீதப் பங்கைச் சட்டம் இயற்றித் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டது.

15 மே 2022

செயிண்ட் வின்சென்டின் பெட்ரோகரீபே கடனை வெனிசுவேலா முழுமையாகத் தள்ளுபடி செய்துவிட்டதாக அதன் பிரதமர் ரால்ஃப் கொன்சால்வஸ் அறிவித்திருக்கிறார். சென்ற ஆண்டு லா சூஃப்ரியே எரிமலை வெடித்துச் சாம்பலில் மூழ்கிய தீவு அது. அந்த மக்களுக்காக மகிழ்கிறேன்.

இழையைத் தொடங்கியவர் பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வந்து, ‘இப்போது சொல்லுங்கள், பார்படோஸ் கையெழுத்திட்டிருக்க வேண்டுமா?’ என்று கேட்டிருக்கிறார். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஜமைக்காவைப் போலத் தனி நிதியத்துக்கான சட்டத்தை முதலில் நிறைவேற்றிவிட்டு, அதன் கணக்கை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்கும் கட்டாயத்தோடு, கையெழுத்திட்டிருக்க வேண்டும். அந்தச் சட்டம் இல்லாமல் என்றால் கையெழுத்திடாமல் இருந்ததே சரி. 2005இல் இதில் இரண்டாவது பாதியை மட்டுமே சொன்னேன்.

17 மே 2022 (திருத்தம்)

‘தள்ளுபடி ஆகும் கடன் என்றால், கட்டாதவர்தானே புத்திசாலி?’ என்று ஒருவர் கேட்டதற்கு, நேற்று எழுதிய அவசரப் பதிலை நீக்கிவிட்டேன். கணக்கின்படி பார்த்தால் செயிண்ட் வின்சென்டுக்குக் கிடைத்தது ஜமைக்காவுக்குக் கிடைத்ததைவிட அதிகம். அதை மறுக்க முடியாது. ஆனால் 2015இல் ஜமைக்காவிடம் இருந்த தகவல் அதுவன்று. அன்று பாதி கொடுத்தால் முடியும் என்ற வாய்ப்பு கையில் இருந்தது, அந்த வாய்ப்பு எத்தனை மாதம் திறந்திருக்கும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை.

5 ஜூலை 2005 குறிப்பிலுள்ள 1,000 பீப்பாய்க் கணக்கு விலை மாறாது என்ற அனுமானத்தில் போட்டது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். விலை 147 வரை ஏறி 30க்குக் கீழே இறங்கியது. உண்மையான மாத விலைகளை வைத்து அந்த அட்டவணையை மீண்டும் போட்டுக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் இதன் கீழே இடுகிறேன்.